யார் பற்றில் எழுதுவது?

மாத்தளை நகரிலிருந்து தம்புள்ளை வீதியில் மூன்று கிலோமீற்றர் வடக்கே போனால் அலுவிகாரை. பெரும்பாறைகள் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து கிடக்கும் இடுக்குகளில் குகைகள். வலகம்பா என்று சிங்களவர் அழைக்கும் வட்டகாமணி அபயன் ஆண்ட காலத்தில், கிறிஸ்துவுக்கு முந்திய முதலாம் நூற்றாண்டில், அதுவரை நாவிலும் நினைவிலும் மட்டுமே வாழ்ந்த திரிபிடகம் இங்குதான் ஏட்டில் ஏறியது என்பது மரபு. எழுதப்பட்டதை மகாவம்சம் சொல்கிறது, இடத்தைச் சொல்லவில்லை. இடத்தைச் சுட்டுபவை பிற்கால நூல்கள். நமக்கு வேண்டியது, ஏன் எழுதினார்கள் என்பது. உள்நாட்டில் ஒரு கலகம், கடல் தாண்டி ஏழு தமிழர் தலைவர்களின் படையெடுப்பு, கூடவே நீண்ட பஞ்சம். ஓதத் தெரிந்த பிக்குகள் பசியால் செத்துக்கொண்டிருந்தார்கள். ஒரு நூலை முழுதாக மனப்பாடம் செய்திருந்தவர் ஒரே ஒருவர்தான் மிஞ்சினார், அவரும் ஒழுக்கம் கெட்டவர், ஆனாலும் வேறு வழியின்றி அவரிடமே பாடம் கேட்டார்கள் என்று உரைநூல்களில் ஒரு செய்தி உண்டு. துக்கம் எதனால் வருகிறது, எப்படி ஒழிகிறது என்று பேசும் நூல்களை, துக்கத்துக்கு நடுவே நின்றுகொண்டு, எழுத்து என்ற கருவியின் கையில் ஒப்படைத்தார்கள்.

இன்று துக்கத்தையே ஒரு கருவியின் கையில் ஒப்படைத்துவிடலாம் என்ற பேச்சு வந்திருக்கிறது. உயிர்களின் துன்பம் அனைத்தையும் அறிவியலால் ஒழிக்க முடியும், ஒழிக்கவும் வேண்டும் என்று பிரித்தானியச் சிந்தனையாளர் டேவிட் பியர்ஸ் 1995இலேயே எழுதினார். அப்போது அது ஒரு தனிமனிதரின் கனவு. புரதங்களின் வடிவத்தைக் கணிக்கும் செயற்கை நுண்ணறிவுக்காக 2024இல் வேதியியல் நோபல் பரிசில் பாதி போன பிறகு, பலரும் அதை நடக்கக்கூடிய காரியமாகவே பேசுகிறார்கள். நோய், பசி, முதுமை, விலங்குகள் காட்டில் படும் பாடு எல்லாம் இன்னும் விடை கிடைக்காத கணக்குகள். நம்மைவிடக் கூர்மையான அறிவு வந்தால் விடை கிடைத்துவிடும் என்பது வாதம். துன்பம் நீடிப்பதற்குக் காரணம் அறிவுப் பற்றாக்குறை என்ற ஒரு நம்பிக்கையின் மேல் இந்த வாதம் முழுவதும் நிற்கிறது. அதை எதிர்காலத்தில் வைத்துச் சோதிக்க முடியாது. கடந்த காலத்தில் வைத்துச் சோதிக்கலாம், அதற்கு மாத்தளையைவிட நல்ல இடம் எனக்குத் தெரியவில்லை.

1830களின் இறுதியில் கண்டி, மாத்தளை மலைகளில் கோப்பித் தோட்டங்கள் பெருகின. கண்டிச் சிங்களக் கிராமத்தவர் தோட்டக் கூலிக்கு வர விரும்பவில்லை. தென்னிந்தியாவிலிருந்து ஆள் பிடிக்கும் முறை வந்தது. இராமநாதபுரம், மதுரை, திருச்சிராப்பள்ளி, தஞ்சாவூர், புதுக்கோட்டைச் சீமைகளிலிருந்து, ஆள் பிடித்துவரும் கங்காணியின் பின்னே கூட்டம் கூட்டமாக வந்தவர்கள் தோணியில் மன்னார்க் கரையில் இறங்கி, அங்கிருந்து தம்புள்ளை வழியாக மாத்தளைக்கு நடந்தார்கள். 130 மைலுக்கு மேல். பாதியும் தண்ணீரில்லாத வறட்சிக் காடு. குடித்த குளம் பேதியைக் கொடுத்தது, குடிக்காத நாள் தாகத்தைக் கொடுத்தது. வாந்திபேதி, அம்மை, காய்ச்சல். விழுந்தவர்களைத் தூக்கிக்கொண்டு நடக்கும் தெம்பு எவருக்கும் இல்லாததால் அவர்களைக் காட்டிலேயே விட்டுவிட்டு மற்றவர்கள் நடந்தார்கள். மாத்தளைதான் அந்தக் காட்டுப் பாதையின் வாசல். அங்கே வந்து சேர்ந்தவர்கள்தான் தோட்டம் தோட்டமாகப் பிரிந்து போனார்கள்.

இந்தச் சாவுகள் யாருக்கும் தெரியாமல் நடந்தவை அல்ல. வந்து இறங்கியவர், திரும்பிப் போனவர் எண்ணிக்கையை அரசு எழுதி வைத்திருந்தது. அந்த அரசுக் கணக்கை வைத்துக்கொண்டுதான் 1849இல் கொழும்பு ஒப்சேவர் பத்திரிகை, 1840களில் வந்தவர்களில் நூற்றுக்கு இருபத்தைந்து பேர், அதாவது சுமார் 70,000 பேர் மாண்டுபோனார்கள் என்று மதிப்பிட்டது. அந்த எண் சரியா என்று வரலாற்றாசிரியர்கள் இன்றும் வாதாடுகிறார்கள். பாதியாகக் குறைத்தாலும் என் வாதத்துக்குப் பாதகமில்லை. மருந்து தெரியாத நோய்கள் சில இருந்தன, உண்மை. ஆனால் கிணறு வெட்டினால் தாகம் தீரும், வழியில் மடம் கட்டினால் மழையில் நனைய வேண்டாம், அரிசி கொடுத்தால் பசி அடங்கும் என்பதைக் கண்டுபிடிக்க 1840களில் எந்த மேதையும் தேவைப்படவில்லை. பிறகு ஏன் பத்தாண்டு அப்படியே போனது?

விடை கணக்குப் புத்தகத்தில் இருக்கிறது. தோட்டத்துரை கங்காணிக்கு முற்பணம் கொடுப்பார். கங்காணி அதைத் தோணிக் கூலி, வழிச் சாப்பாடு, ஊர்க்கடன் என்று பிரித்துத் தொழிலாளியின் பற்றில் எழுதுவார். நடந்து வருவதற்கான செலவை நடப்பவனே தாங்கினான். நடுவழியில் அவன் செத்தால் அவன் கடன் உறவுக்காரர் தலையில் ஏறுவதும் உண்டு. துரைக்கு முற்பணத்தில் ஒரு பங்கு நட்டம்; அடுத்த கூட்டம் வந்தால் அதுவும் ஈடாகிவிடும். சட்டமும் குறுக்கே நிற்கவில்லை. 1847இல் இந்திய அரசு இலங்கைக்குப் போவோரைக் குடியேற்றக் கட்டுப்பாடுகளிலிருந்து விலக்கியது. ஒப்பந்தம் போடாத சுதந்திரத் தொழிலாளி, தன் காலால் நடந்து போகிறவன், அவனுக்கு ஏன் பாதுகாவலர் என்பது நியாயம். இதே காலத்தில் மேற்கிந்தியத் தீவுகளுக்கு ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிப் போன கப்பல்களைப் பாருங்கள். கப்பலில் மருத்துவர் ஒருவர் இருந்தே ஆகவேண்டும். அவருக்குச் சம்பளம், உயிரோடு கரையிறங்கிய தலைக்கு இவ்வளவு என்ற கணக்கில். அந்தக் கப்பல்கள் சொர்க்கம் அல்ல; 1850களில் சில பயணங்களில் ஆறில் ஒருவர் மாண்டதுண்டு. ஆனால் அங்கே ஒரு சாவு நிகழ்ந்தால் முடிவெடுக்கும் இடத்தில் இருந்த ஒருவரின் சட்டைப்பையில் அது உறைத்தது. மன்னார்ப் பாதையில் அப்படி உறைக்கும் சட்டைப்பை எதுவும் இருக்கவில்லை.

1850களில் கோப்பி விலை மீண்டும் ஏறி, ஆள் போதாமல் தோட்டங்கள் தவித்தபோதுதான் பாதை மாறத் தொடங்கியது. 1858இல் தொழிலாளர் வருகையை ஒழுங்குபடுத்த ஒரு சட்டம் வந்தது; வழியில் கிணறுகள், தங்கும் கொட்டகைகள், ஆஸ்பத்திரிகள் மெல்ல எழுந்தன. பத்தாண்டுக்கு முன் இல்லாத எந்த அறிவும் இதற்கிடையில் புதிதாக வந்துவிடவில்லை. சாவு துரைமாரின் பற்றிலும் எழுதப்படத் தொடங்கியதுதான் வித்தியாசம். ரெயிலின் கதை இன்னும் கசப்பு. கொழும்பிலிருந்து கண்டிக்கு 1867இலும் மாத்தளைக்கு 1880 ஒக்டோபரிலும் ரெயில் வந்தது. கோப்பி மூட்டை மலையிலிருந்து துறைமுகத்துக்கு ஒரே நாளில் இறங்கியது. அந்தக் கோப்பியைப் பறிக்க வந்தவர்களோ அதன் பிறகும் மன்னாரிலிருந்து நடந்தே வந்தார்கள். நூற்றாண்டு முடியும் தறுவாயில்தான் அந்தப் பாதை கைவிடப்பட்டது. (மாத்தளைக்கு ரெயில் வந்து சேர்ந்தபோது இலைநோயால் கோப்பியே பட்டுப்போய்க்கொண்டிருந்தது என்பது வேறு சங்கதி.) 1900களின் தொடக்கத்தில் தகரவில்லை முறை வந்தது. தோட்டத்தின் இலக்கமும் ஆளின் இலக்கமும் பொறித்த ஒரு சிறு தகரத் துண்டு. அதைக் காட்டினால் ஆளைத் தோட்டம் வரை கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டுச் செலவைத் தோட்டத்துக்கு எழுதுவார்கள். அந்தக் காலத்துக்கு அது நல்ல தகவல் தொழில்நுட்பம்தான். ஆள் தவறாமல் வந்து சேர்ந்தார். வழிச் செலவு மட்டும் கடைசியில் ஆளின் கடனோடுதான் சேர்ந்தது. தொழிலாளியின் கடனைச் சுமந்துகொண்டு தோட்டத்துக்குத் தோட்டம் போன 'துண்டு' 1921 வரை உயிரோடிருந்தது.

இது வெள்ளைக்காரன் காலத்துக் கொடுமை என்று ஒதுக்கிவிடவும் முடியாது. 1972இலும் 1975இலும் காணிச் சீர்திருத்தத்தில் தோட்டங்கள் அரசுடைமையான போது, மாத்தளை, கண்டிப் பகுதிகளில் தொழிலாளர் குடியிருந்த பல லயங்களிலிருந்து தமிழ்க் குடும்பங்கள் வெளியேற்றப்பட்டன. 1974இல் தோட்டங்களில் பசிச்சாவு கூடியதைப் பதிவாளர் நாயகத்தின் இறப்புப் புள்ளிவிவரமே காட்டியது. 1977இல் தமிழருக்கு எதிராக நடந்த வன்செயலுக்குப் பிறகு பலர் தங்கள் பாட்டன்மார் வந்த திசைக்கு நேரெதிராக, தம்புள்ளை தாண்டி வவுனியாவுக்குப் போனார்கள். எண்கள் அரசின் மேசையில் இருந்தன. மேசைக்கு வலிக்கவில்லை.

இதற்கு ஒரு வலுவான மறுப்பு உண்டு, அதை மாத்தளையிலிருந்தே எடுக்கலாம். நகரின் நடுவே முத்துமாரியம்மன் கோவில். 1983 ஜூலையில் தமிழருக்கு எதிரான வன்செயலில் எரியுண்டு மீண்டும் எழுந்தது. மாசிமகத்துக்கு ஐந்து தேர் ஓடும். மாரி, அம்மை நோயின் தாய்; நோய்க்கும் தாய்க்கும் நாம் ஒரே சொல்லை வைத்திருக்கிறோம். அந்தப் பெரியம்மை இன்று உலகில் எங்கும் இல்லை. 1980இல் ஒழிந்துவிட்டதாக அறிவிக்கப்பட்டது. ஒழித்தது அறிவுதானே? மலேரியாவும் அப்படியே. 1934–35 கொள்ளைநோயில் இலங்கையில் சுமார் 80,000 பேர் இறந்தார்கள். தம்புள்ளை, கலேவெல போன்ற மாத்தளையின் வடக்கு வறண்ட பகுதிகள் தலைமுறை தலைமுறையாகக் காய்ச்சல் பூமி. 1946இல் டி.டி.ரி. தெளிப்பு நாடு முழுவதும் வந்தது. அந்த ஆண்டு ஆயிரத்துக்கு 20.3 ஆக இருந்த இறப்பு வீதம் மறு ஆண்டே 14.3 ஆக விழுந்தது. அதில் மருந்தின் பங்கு எவ்வளவு, சோற்றின் பங்கு எவ்வளவு என்று அறிஞர்கள் இழுபறிப்பட்டாலும், வீழ்ச்சியை யாரும் மறுப்பதில்லை.

மறுப்பை நான் ஏற்கிறேன். அறியாமையால் நீடித்த துன்பங்கள் உண்டு. அவற்றின் முன் கூர்மையான அறிவு கத்தியைப் போல வேலை செய்யும். செயற்கை நுண்ணறிவு புதிய மருந்துகளைக் கண்டுபிடித்தால் அதை இழிவாகப் பேச எனக்கு மனமில்லை. ஆனால் மலேரியாவின் கதை 1947இல் முடியவில்லை. 1963இல் இலங்கை முழுவதும் பதிவான நோயாளிகள் 17 பேர். பதினேழு! வென்றுவிட்டோம் என்று நினைத்து 1964இல் தெளிப்பை நிறுத்தினார்கள். பணமும் ஆளும் கவனமும் வேறு பக்கம் போயின. 1968–69இல் ஐந்து லட்சத்துக்கு மேற்பட்டோர் காய்ச்சலில் விழுந்தார்கள். நாடு மலேரியா அற்றதென உலக சுகாதார நிறுவனம் சான்று கொடுக்க 2016 ஆயிற்று. டி.டி.ரி.யின் வேதியியல் 1946இல் இருந்ததுதான் 1968இலும். துன்பம் குறைந்து எண் சிறுத்ததும் அது யாரையும் உறுத்தவில்லை, அவ்வளவுதான். நோயை அறிவு ஒழித்தது என்பது பாதி உண்மை. அறிவை விடாமல் வேலை வாங்க ஒரு உறுத்தல் இருந்த வரையில் ஒழித்தது.

உறுத்தல் என்ற சொல்லை நான் அலங்காரத்துக்கு எழுதவில்லை. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் 1940களின் பிற்பகுதியிலிருந்து தொழுநோயாளரின் கைகளை அறுவை செய்து சீராக்கிய பால் பிராண்ட் அதை உடலிலேயே கண்டார். நோய் சதையை அழுகச் செய்கிறது என்று உலகம் நம்பிக்கொண்டிருந்தது. அவர் கண்டது வேறு: நோய் நரம்பைக் கொல்கிறது, வலி தெரியாததால் நோயாளியே தன் விரலைச் சுட்டுக்கொள்கிறார், தேய்த்துக்கொள்கிறார், புண்ணோடு நடக்கிறார். பிறகு அமெரிக்காவில் பொறியியலாளர்களோடு சேர்ந்து அவர் செயற்கை வலி ஒன்றைச் செய்ய முயன்றார். கையுறையில் அழுத்தம் அளக்கும் உணரிகள். அழுத்தம் மிகுந்தால் மணி ஒலிக்கும், விளக்கு எரியும். நோயாளிகள் பொருட்படுத்தவில்லை. ஒலிக்குப் பதில் மின் அதிர்ச்சி கொடுத்துப் பார்த்தார். செய்யக்கூடாத வேலையைச் செய்ய வேண்டி வந்தபோது, பொறியை அணைத்துவிட்டு வேலையை முடித்து, மறுபடி போட்டுக்கொண்டார்கள். திட்டம் கைவிடப்பட்டது. வலியைப் பற்றிய செய்தியும் வலியும் ஒன்றல்ல என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் பரிசோதனை எனக்குத் தெரியாது. 1849இல் ஒப்சேவர் அச்சிட்ட 70,000 என்ற எண் அந்தக் கையுறையின் மணியொலிதான். அணைத்துவிடும் வசதி அந்த ஒலியைக் கேட்டவர்கள் கையிலேயே இருந்தது.

மரபணுவிலிருந்தே வலியை நீக்கிவிடலாமே என்போருக்கும் வேலூர்தான் பதில்: வலியில்லாத உடல் துன்பமில்லாத உடல் அல்ல, விரல்கள் இல்லாத உடல். வலியின் வேலையைத் துன்பமில்லாத வேறொரு சமிக்ஞை செய்யட்டும் என்று பியர்ஸ் போன்றோர் சொல்வார்கள். அந்தச் சமிக்ஞையை மீற முடியாதபடி செய்தால் அது வலியாகிவிடுகிறது; மீறலாம் என்று விட்டால் கையுறையாகிவிடுகிறது.

இன்னும் ஒரு மறுப்பு மிச்சம். செய்தி சொல்லும் பொறியைப் பற்றி ஏன் பேச வேண்டும்? முடிவையே பொறி எடுக்கட்டும். கங்காணியும் இல்லை, துரையும் இல்லை, சட்டைப்பையும் இல்லை. இதுதான் மறுப்புகளில் நேர்மையானது. ஆனால் உயிர்கள் என்று பன்மையில் சொன்னதுமே கணக்கு சிக்கலாகிறது. மனிதனின் காய்ச்சல் ஒழிந்தது நுளம்பின் பற்றில். வஸ்கமுவக் காட்டில் சிறுத்தையின் பசி தீர்வது மானின் பற்றில். எந்தப் பொறி வந்தாலும் ஒருவர் துன்பத்தை இன்னொருவர் கணக்குக்கு மாற்றும் முடிவுகளைத்தான் அது எடுக்க வேண்டியிருக்கும். உணர்ச்சியே இல்லாத பொறி என்றால், எதை எதற்கு ஈடாக வைப்பது என்ற விகிதத்தை அதற்கு யாரோ எழுதிக்கொடுத்திருப்பார்கள். அந்த யாரோதான் புதிய துரை. பொறிக்கே வலிக்கும் என்றால், துன்பப்படும் உயிர்களின் பட்டியலில் இன்னொன்றைச் சேர்த்திருக்கிறோம். பற்று என்ற சொல்லுக்குத் தமிழில் கடன் கணக்கு என்றும் பொருள், விடமுடியாத ஆசை என்றும் பொருள். அலுவிகாரையில் எழுதப்பட்ட நூல்கள் துக்கத்தின் வேரென்று காட்டுவது இரண்டாவதை. மாத்தளைத் தோட்டங்களின் புத்தகங்களில் இருப்பது முதலாவது. தோட்டத்துப் புத்தகத்தை ஒரு பொறியால் ஒழுங்காக எழுத முடியும். ஓலையில் உள்ள பற்றை எந்தப் பொறி தீர்க்கும் என்று எனக்கு விளங்கவில்லை.

பொறி உண்மையிலேயே உயிரைக் காத்த இடமும் இருக்கிறது, மறைக்க மாட்டேன். கோயம்புத்தூரை அடுத்த மதுக்கரையில் ரெயில் பாதை யானைக் காட்டை வெட்டிப் போகிறது. 2021 நவம்பரில் நவக்கரை அருகே ஓர் இரவில் மூன்று யானைகள் ரெயிலில் அடிபட்டுச் செத்தன. 2024இல் தமிழ்நாடு வனத்துறை அங்கே 12 கோபுரங்களில் 24 கமராக்களைப் பொருத்தியது. பாதையை நெருங்கும் யானையை இருட்டிலும் செயற்கை நுண்ணறிவு அடையாளம் காண்கிறது. செய்தி உடனே ரெயில்வேக்குப் போகிறது. ரெயில் வேகம் குறைகிறது. யானைகள் பத்திரமாகக் கடந்து போகின்றன. அறிவு வேலை செய்கிறது, ஏனென்றால் செய்தி போய்ச் சேரும் இடத்தில் வேகத்தைக் குறைத்தே ஆகவேண்டிய ஓர் ஓட்டுநர் இருக்கிறார். நீதிமன்றமும் ஊராரின் கோபமும் அவருடைய துறையின் முதுகில் இருக்கின்றன. யானையின் சாவு ரெயில்வேயின் பற்றில் ஏறிவிட்டது.

மாத்தளையின் வடக்கு எல்லை தாண்டியதும் வரும் ஹபரணைப் பக்கத்தில் 2025 பெப்ரவரியில் ஒரே மோதலில் ஆறு யானைகள் செத்தன. அங்கும் இத்தகைய பொறி வேண்டுமென்ற பேச்சு நியாயமானது. ஆனால் இலங்கையில் யானையைக் கொல்வது பெரும்பாலும் ரெயில் அல்ல. 2023இல் மட்டும் 450க்கு மேற்பட்ட யானைகளும் 150க்கு மேற்பட்ட மனிதரும் யானைக்கும் மனிதருக்கும் இடையிலான பகையில் மாண்டார்கள்: துப்பாக்கி, மின்கம்பி, தீனிக்குள் ஒளித்து வைக்கும் ஹக்க பட்டாஸ் வெடி. கலேவெல, தம்புள்ளை, வில்கமுவப் பக்கங்களில் காடு வெட்டிய நிலத்தில் நெல்லும் சோளமும் போட்டவர்கள் கடன் வாங்கித்தான் போட்டிருக்கிறார்கள். அங்கே கோபுரம் நட்டு, கமரா வைத்து, யானை வருகிறது என்று பொறி எச்சரித்தால் அந்தச் செய்தி யாருக்குப் போகும்? வயலில் பரண் கட்டி இரவெல்லாம் விழித்திருக்கும் ஆளுக்குத்தான். யானை வருவது அவருக்கு முன்பே தெரியும்.